வாடகை வீட்டில் நம்முடையது

எங்கள் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஒரு பலாக்காயால்தான் தெரியவந்தது.

மாத்தளை டவுனில் இரத்தோட்டை பஸ் ஏறினால் மூன்றாவது ஹோல்ட்டில் இறங்கினால் எங்கள் வீடு. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும், மேல்மாடியில் வாடகைக்கு நானும் அக்காவும். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுக்கிற சிங்களவர், அதிகம் பேசமாட்டார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், அதிகம் பேசுகிறவள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வீட்டிலேயே தையல். எங்கள் இருவருக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். அது இங்கே தேவையில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் உண்டு. அதன் பெரிய கிளை எங்கள் குசினிக்கு நேர்மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதிலிருந்து ஒரு காய் அறுந்து, கூரை ஷீட்டை உடைத்துக்கொண்டு வந்து எங்கள் ரைஸ் குக்கரின் மேல் விழுந்தது. வெங்காயம் எடுக்க அந்த நொடியில்தான் அக்கா நகர்ந்திருந்தாள். அவள் தலை தப்பியது, குக்கர் தப்பவில்லை.

வீட்டுக்காரர் மேலே வந்தார். ஓட்டையைப் பார்த்தார், காயைப் பார்த்தார், நாங்கள் உயிரோடு நிற்பதையும் பார்த்தார். பிறகு பதறாமல், இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லிவிடலாம் என்றார். வீடு கட்ட வங்கியில் கடன் எடுத்தபோது கட்டாயம் போடச் சொன்னார்களாம், அன்றிலிருந்து விடாமல் கட்டிவருகிறாராம். மரம் விழுந்தால் காசு உண்டு, காய் விழுந்தால் உண்டா என்று அங்கே இரண்டு பேர் வாதாடி, காயும் மரத்தின் பாகம்தான் என்று முடிவானதாகப் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். விஞ்ஞானப்படி அந்த முடிவு எனக்கும் சரியாகவே பட்டது. இரண்டு வாரத்தில் புது ஷீட் வந்தது.

அப்படியென்றால் எங்கள் குக்கர் என்று கேட்டேன். அவர் முழித்தார். குக்கர் உங்களுடையது அல்லவா, என் காப்புறுதி என் வீட்டுக்குத்தானே என்றார். கோபமில்லை, உண்மையாகவே என் கேள்வி அவருக்குப் புரியவில்லை.

அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது. சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் அவருடையவை. அவற்றுக்கு ஏதும் வந்தால் கேட்க ஒரு கம்பனி இருக்கிறது. அந்தச் சுவர்களுக்குள் இருப்பவை எங்களுடையவை. அவற்றுக்கு ஏதும் வந்தால் கேட்க ஒரு நாய்கூட இல்லை. இவ்வளவு லேசான விஷயம் நாற்பது வயதுவரை ஏன் என் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்ததால் இருக்கலாம். லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்தின் சொத்து. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அதே காம்பராவில் பிறந்தார்கள், அது ஒரு நாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. வீடே நமதில்லை என்றான பிறகு, உள்ளே இருப்பதில் எது நம்முடையது என்று யார் யோசிக்கப்போகிறார்கள்?

அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் விசாரித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர்களும் உண்டு, என்னைப்போல் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்களும் உண்டு. ஒருவர்கூடத் தன் சாமான்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. அது வீட்டுச் சொந்தக்காரர்கள் செய்கிற வேலை என்றார்கள். "நம்மகிட்ட என்ன டீச்சர் இருக்கு, நாலு பாத்திரம்" என்றாள் ஒருத்தி. அதற்கு முந்திய வாரம்தான் அவள் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய்க் கேக் சாப்பிட்டு வந்தேன். ஃபிரிஜ், வாஷிங் மெஷின், இரண்டு லேப்டாப், பிள்ளை வாசிக்கிற ஓர்கன், தேக்கு அலுமாரி எல்லாம் இருந்தன. அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அவள் கண்ணுக்கு அது நாலு பாத்திரமாகத்தான் தெரிந்தது.

எனக்கு ஒன்று பிடித்துக்கொண்டால் விடாது. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். இன்றைக்கு இங்கே இருக்கிற எல்லாம் போய்விட்டால், நாளைக் காலை பள்ளிக்கூடம் போவதற்குள் எனக்கு என்னென்ன வேண்டும்? இதுதான் கேள்வி. பல் துலக்க பிரஷ், தண்ணி அள்ள வாளி, துவட்டத் துவாய், சீப்பு, சேலை, பாவாடை, ஊசி, செருப்பு, கேத்தல், கோப்பை, வடி, தீப்பெட்டி. குசினியைக் கடக்கும் முன்னமே எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இருபத்து மூன்று கரண்டி இருந்தது. இவற்றை ஒவ்வொன்றாக வாங்கியபோது எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்ப வாங்கவேண்டி வந்தால் என் சம்பளம் எந்த மூலைக்கு?

கொப்பியில் கடைசியாக எழுதியது முன்னறை மூலையில் இருந்த அக்காவின் மெஷின். அதன் அடியில் ஒரு கோடு போட்டேன்.

அக்கா பதினோரு வருடம் கார்மென்ட் ஃபெக்டரியில் வேலை செய்தவள். அத்தனை வருடத்தில் அவள் அங்கே ஒரு முழுச்சட்டை தைத்ததில்லை. சட்டைகளுக்கு இடதுகை மட்டும் தைத்துப் பூட்டுவாள், வலதுகை பூட்டப் பக்கத்தில் வேறொருத்தி இருந்தாள். கழிவறைக்குப் போகவும் கேட்டுப்போக வேண்டும். முதுகு போய், கண் எரிய ஆரம்பித்த பிறகு, சேர்த்த பணத்தில் கரண்டில் ஓடுகிற பெரிய மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னாள், மிதிக்கவுமில்லை. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து அவளிடம் பிளவுஸ் தைத்துக்கொண்டு போவார்கள். அந்த மெஷின் போனால் ஐம்பது வயதில் அவள் மறுபடியும் இடதுகை பூட்டத்தான் போகவேண்டும். அவளுக்கு வேறு வழி கிடையாது, அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை ஓர் இன்சூரன்ஸ்காரர் வருவார். எங்கள் தோட்டத்து ஆள்தான், நடுவயது, கையில் ஹெல்மெட், கக்கத்தில் ஃபைல். அவர் தலை கேட்டில் தெரிந்தால் போதும், ஃப்ரீ பீரியட் உள்ளவர்களுக்கெல்லாம் திடீரென்று பாடம் வந்துவிடும். இந்தத் தடவை நானே எழுந்து அவரை நோக்கிப் போனேன். மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ தேடிப் போகிறேன் என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் குழம்பினார். ஆயுளுக்கு எழுதியிருக்கிறார், வான், ஓட்டோ வண்டிகளுக்கும் எழுதியிருக்கிறார், வாடகைக்கு இருப்பவர் சட்டிபானைக்கு எழுதச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவையாம். வராந்தாவில் நின்று கம்பனிக் கந்தோருக்கு ஃபோன் போட்டார். முடியும் என்றார்கள். தீ, இடி, வெள்ளம், களவு, தண்ணிக் குழாய் வெடிப்பு எல்லாவற்றுக்கும் உண்டு, வீடு சொந்தமாக இருக்கவேண்டியதில்லை. வருடத்துக்குக் கட்டவேண்டியது, தீபாவளிக்கு நாங்கள் இருவரும் எடுக்கிற சேலைகளின் விலைகூட வராது. சனிக்கிழமை வந்து சாமான்களைப் பார்த்துப் பட்டியல் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் வந்துவிட்டார். சோபா செட்டியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிவி பழசுங்க, அலுமாரி ரொம்பப் பழசுங்க, ஃபிரிஜ் யாரோ குடுத்ததுங்க என்று அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நான் மூலையைப் பார்த்தேன். மெஷின் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது. வீட்டில் தொழில் ஏதும் செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் அக்கா.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வேறு ஊர்க்காரர்களுக்கு விளங்காது, அதனால் சொல்கிறேன்.

லயத்தில் அரசாங்க நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வருவார்கள். வீட்டில் டிவி இருக்கிறதா, ஃபிரிஜ் இருக்கிறதா, கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுதுவார்கள். இருந்தால் வசதியானவர்கள், பெயர் வெட்டுப்படும். கடனுக்கு எடுத்த டிவி ஒன்று இருப்பதால் ஒருத்தி வசதியாகிவிடுவாளா என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை. அதனால் ஆள் வருகிற செய்தி கிடைத்ததும் சாமான்கள் நடக்கத் தொடங்கும். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. கணக்கெடுப்பவர் முதல் காம்பராவில் நிற்கும்போது அங்குள்ள டிவி பின்பக்கமாகப் பத்தாவது காம்பராவுக்குப் போய்விடும். அவர் ஐந்தைத் தாண்டியதும் பத்தில் உள்ள எல்லாம் கூடைகளிலும் போர்வைகளிலும் முதலாவதுக்குத் திரும்பி வரும். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளும் பேனையுமாக ஒருவர் வாசலில் நின்றால் எங்கள் ஆட்களின் வாய் தானாகவே ஒண்ணுமில்லீங்க என்று சொல்லும். எது அருமையானதோ அதுதான் முதலில் ஒளியும்.

அக்கா மெஷினைக் கீழ்வீட்டு அம்மாவின் குசினி மூலையில் கொண்டுபோய் வைத்து, பெட்ஷீட்டால் மூடியிருந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்களாம். எதற்கென்று அந்த அம்மா கேட்கவும் இல்லையாம்.

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்நிய மனிதர் முன்னால் அக்கா பொய்க்காரி ஆகிவிடுவாள். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல ஆசை. உண்மையில், அவர் பேனையைப் பார்த்ததும் எனக்குள்ளும் ஏதோ வாயைப் பொத்திக்கொண்டது. பட்டம் பெற்ற டீச்சர், நாலு பாத்திரம் என்றவளைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவள், பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அவர் போனதும் சண்டை பிடித்தேன். இது நிவாரணக் கணக்கு இல்லை, இங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் நமக்கு நன்மை என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா அசையவில்லை.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடி. வந்தவன்கிட்ட எல்லாத்தையும் தொறந்து காட்டிட்டு நிக்கச் சொல்றியா?"

மெஷின் மூலைக்குத் திரும்பியது. காப்புறுதிப் பத்திரம் தபாலில் வந்தது. எந்தத் தாளையும் கடைசி வரிவரை படிக்கிற வியாதி எனக்கு. அதில் இரண்டு விஷயம் இருந்தன. பிறருடைய பொருள் நம் வீட்டில் இருந்து அழிந்தால் அதற்கு ஒரு சதமும் இல்லை. தொழிலுக்குப் பாவிக்கிற பொருள் என்றால் முன்கூட்டியே சொல்லி, கூட ஒரு சிறு தொகை கட்டிச் சேர்த்திருக்கவேண்டும். இரண்டையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதம் பார்ப்போம் என்றாள். சரி, அடுத்த மாதம் என்று நானும் விட்டேன். பரீட்சைத் தாள் திருத்த இருந்தது, பிறகு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்கியது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் என்று அக்காவை ஏசத்தான் எனக்கு வரும்.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானமானால் இடி. மலைப்பக்கம் கறுத்ததும் எல்லா வீடுகளிலும் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். அன்றைக்கு அக்கா நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். வெயில் அடித்ததால் மெஷினின் பிளக்கைக் கழற்றவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இடி பலாமரத்தில் இறங்கி, வயர் வழியாக எங்கள் முன்னறைக்கு வந்தது. பிளக் வெடித்துத் துணியில் தீப்பிடித்தது. தீபாவளிக்குத் தைக்க வந்த பிளவுஸ் துணிகள் அந்த மூலையில்தான் குவிந்து கிடந்தன.

வீட்டுக்காரர் புகையைப் பார்த்து மெயின் ஸ்விட்சை நிறுத்தினார். அக்கம்பக்கத்தவர்கள் கூடி வாளி வாளியாகத் தண்ணி ஊற்றி அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வந்து படியேறியபோது அக்கா முன்னறை நடுவில் நூல் பையோடு நின்றாள். டிவி வளைந்து கிடந்தது. செட்டியின் கம்பிகள் மட்டும் மிச்சம். ஃபிரிஜ் கறுத்துப்போய் நின்றது. மெஷினின் மேசை எரிந்து, இரும்புத் தலை தரையில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "கார்மென்ட்ல இப்ப ஆள் எடுக்கிறாங்களாடி?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்த நேரம் வேறில்லை.

ஃபோனில் எங்கள் இன்சூரன்ஸ்காரர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: எதையும் துடைக்கவேண்டாம், எறியவேண்டாம், மதிப்பிடுகிறவர் வந்து பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள். இது அடுத்த சண்டையாயிற்று. கரிஞ்ச சாமானை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, மூதேவி குடிவந்துவிடும் என்று அக்கா விளக்குமாற்றோடு நின்றாள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மூதேவிக்கு மூன்று நாள் தவணை கொடுப்பதாக ஒத்துக்கொண்டாள்.

அந்த மூன்று நாளில் பிளவுஸ் கொடுத்திருந்த பெண்கள் வந்தார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் தீபாவளி அட்வான்ஸ் எடுத்து வாங்கிய சேலைகள், அவற்றோடு வந்த துணிகள் அவை. வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். ஒருத்திகூடத் தன் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, துணிதானே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே ஒண்ணுமில்லதான். எதையும் ஒளிக்கவும் அதைத்தான் சொல்கிறோம், ஒருத்தியைத் தேற்றவும் அதைத்தான் சொல்கிறோம். அவர்கள் போனபிறகுதான் அக்கா அழுதாள்.

மதிப்பிடுகிறவர் ஒரு வியாழக்கிழமை வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் பென்சில். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கரி படிந்த அந்த அறைக்குள் வந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிவி, சரி. ஃபிரிஜ், சரி. அலுமாரி, சரி. எரிந்த துணிக்குவியலைப் பென்சிலால் கிளறி, இது யாருடையது என்றார். தைக்க வந்தவர்களுடையது என்றேன். பிறர் பொருளுக்கு வழியில்லை என்று தலையை ஆட்டினார். தெரியும் என்றேன்.

பிறகு மூலைக்கு வந்து குனிந்தார். பட்டியலை ஒருமுறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"இது ஆரின்ர மெஷின்?"

அக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அன்று நின்ற மாதிரியே.

"அது எங்களோடது இல்லீங்க ஐயா" என்றாள்.

ஒளிக்க அங்கே எதுவுமே மிச்சமில்லை. கரிக்கட்டையாகக் கிடக்கிறது. அதைத் தன்னுடையதில்லை என்று சொல்கிறாள், சொன்னால் ஒரு சதமும் வராது என்று நான் வாசித்துக் காட்டிய பிறகும் சொல்கிறாள். பயமுமில்லை, தந்திரமுமில்லை. தாளும் பென்சிலும் முன்னால் நின்றன, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கோபத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் பென்சிலை உயர்த்தினார்.

"நீங்க சொல்லாதேங்கோ டீச்சர். அவ சொல்லட்டும்."

அக்காவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் உங்களிட்ட இருக்கிறதை எழுத வரேல்லை அம்மா. இல்லாமல் போனதை எழுதத்தான் வந்தனான்."

கீழே வீட்டுக்காரரின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அக்கா அவரைப் பார்க்கவில்லை, கவிழ்ந்து கிடந்த இரும்பைப் பார்த்தாள். கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அவள் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றதை நான் கண்டேன். அந்தச் சின்னச் சொல்லை வெளியே கொண்டுவர அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"என்னோடதுங்க. பதினோரு வருசம் கார்மென்ட்ல கெடந்து நான் வாங்கினது. வேற யாரோடதும் இல்லீங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து, ஒளிக்காமல் சொன்னார். பட்டியலில் இல்லாத பொருள், அதுவும் தொழில் செய்கிற பொருள். தன்னால் எழுதிக் கொடுக்க முடியும், கந்தோர் ஒத்துக்கொள்வது கஷ்டம். முன்பே ஒரு வரி சேர்த்திருந்தால் பேச்சே இல்லை என்றார். அக்கா, "பரவாயில்லீங்க, எழுதிட்டீங்கல்ல" என்றாள்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. வீட்டுக்காரருக்குச் சுவரும் வயரிங்கும் அவருடைய காப்புறுதியில் கிடைத்தன. எங்களுக்குப் பட்டியலில் இருந்தவற்றுக்குக் கிடைத்தது, பழசு என்று அக்கா சொன்னவற்றுக்குப் பழசு விலைதான் வந்தது. மெஷினுக்கு ஒன்றுமில்லை.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். பட்டியல் போட்டிருக்காவிட்டால் இதுவும் இல்லை. கொப்பியில் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, காப்புறுதி என்றால் போன பொருள் திரும்ப வருவது என்றுதான் நினைத்தேன். அது சரியில்லை. எது போனாலும், எது முதலில் வேண்டும் என்று முடிவுசெய்ய நம் கையில் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். டிவிக்கும் செட்டிக்கும் ஃபிரிஜுக்கும் வந்த காசில் டிவி வாங்கவில்லை, செட்டி வாங்கவில்லை, ஃபிரிஜும் வாங்கவில்லை. நானும் அக்காவும் கண்டி பஸ் ஏறிப் போய் ஒரு மெஷின் வாங்கி, வான் பிடித்துக் கொண்டுவந்தோம். தீபாவளி எப்போதோ போயிருந்தது. எரிந்த துணிகளுக்குப் பதில் துணி வாங்கி, கூலி இல்லாமல் தைத்துக் கொடுக்கப்போவதாக அக்கா வழியிலேயே சொன்னாள். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாயில்தான் உட்காருகிறார்கள்.

மெஷினை மூலையில் இறக்கிவைத்த உடனே அக்கா கேட்டது நூலை அல்ல, என் ஃபோனை. "அந்த ஆள வரச் சொல்லு" என்றாள்.

இன்சூரன்ஸ்காரர் அடுத்த நாளே வந்தார். அக்கா மெஷினின் பொலித்தீன் உறையை உரித்து, ரசீதைக் கொண்டுவந்து கொடுத்து, தொழிலுக்குத்தான் என்று அவர் கேட்கும் முன்னமே சொன்னாள். அவர் பத்திரத்தில் சேர்க்கவேண்டியதை எழுதிக்கொண்டு படம் எடுக்க ஃபோனைத் தூக்கினார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். பொருளை மட்டும் எடுத்தால் போதும், ஆள் தேவையில்லை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார் அவர்.

அக்கா தள்ளவில்லை. மெஷினின் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நானும் இருக்கணுங்க" என்றாள். "இல்லாட்டி இது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"